மன்ஜனீக்: ஒரு மரப்பொறி சொல்லும் வரலாறு

 

நம் மக்தப் மதரஸாவின் ஆண்டு விழாவையொட்டிப் பிள்ளைகளுக்காகச் சிறியதொரு கண்காட்சி வைப்பதென்று முடிவானபோது, நமக்கும் ஒரு மேசை ஒதுக்கப்பட்டது. ஓய்வு வேளைகளில் மரவேலை செய்து பழகியவர்கள் என்ற முறையில், படங்களை ஒட்டி வைப்பதைவிடக் கையால் இயக்கிக் காட்டக்கூடிய ஒன்றைச் செய்து வைக்கலாம் என எண்ணினோம். பலவற்றையும் ஆராய்ந்து, இறுதியில் நாம் தேர்ந்துகொண்டது மன்ஜனீக் என்னும் கல்லெறி பொறியை. அதனைச் செய்து முடிக்க ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. அதன் வரலாற்றைப் படிக்க அதைவிட அதிகக் காலம் ஆயிற்று. மேசையின்மீது வைக்க வேண்டிய விளக்க அட்டையில் எதை எழுதுவது, எதை விடுவது என்ற கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அந்த அனுபவத்தை இம்மலரின் வாயிலாக உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஏற்றமும் கவணும்

மன்ஜனீக் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. நபி இப்ராஹீம் (அலை) அவர்களை நம்ரூதின் ஆட்கள் நெருப்புக் குண்டத்தில் எறிந்த வரலாற்றை பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நெருப்பின் வெப்பம் தாங்காமல் அருகில் செல்ல முடியாதவர்கள், மன்ஜனீக்கில் வைத்து அவர்களை எறிந்தனர் என்று விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர். திருக்குர்ஆனில் நெருப்பு கூறப்பட்டுள்ளது. அந்தக் கருவி கூறப்படவில்லை. எனினும், இச்சொல் நம் செவிகளில் பதிந்தது அந்த வரலாற்றின் வழியாகத்தான்.

கருவியின் அமைப்பை விளங்கிக்கொள்ளத் தமிழ்நாட்டு உழவர்களுக்கு எந்தப் படமும் தேவையில்லை. நம் முன்னோர் கிணற்றிலிருந்து நீர் இறைத்த ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் போதும். நடுவில் ஒரு தாங்குகால். அதன்மேல் நீண்ட மரம். ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரும். இனி, தினைப்புனத்தில் கிளி விரட்டிய கவணை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் நடுவே கல்லை வைத்துச் சுழற்றி, ஒரு முனையை விட்டுவிட்டால் கல் பறக்கும். ஏற்றத்தின் நீண்ட முனையில் கவணைக் கட்டினால் அதுதான் மன்ஜனீக். மதுரைக் கோட்டை மதிலில் இருந்த போர்ப்பொறிகளுள் கல்லெறியும் பொறிகளையும் சிலப்பதிகாரம் குறிப்பிடுவதால், இத்தகைய எண்ணம் நம் மண்ணுக்கும் அந்நியமானதன்று என அறியலாம்.

சீனத்திலிருந்து தாயிஃப் வரை

இப்பொறியின் பிறப்பிடம் அரபு நாடன்று, சீனம். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே மோசி என்னும் அறிஞரின் வழிவந்தோர் எழுதிய நூலில், கோட்டையைக் காக்கும் கல்லெறி பொறிகள் விவரிக்கப்பட்டுள்ளன. அக்காலப் பொறியில் எடை கிடையாது. மரத்தின் குட்டையான முனையில் பல கயிறுகளைக் கட்டி, ஆட்கள் ஒரே நேரத்தில் இழுப்பர். மறுமுனை மேலெழுந்து கல்லை வீசும். இக்கலை மத்திய ஆசியாவின் வழியே மேற்கு நோக்கி வந்தது. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவார் இனத்தார் கிரேக்க நகரான தெஸ்ஸலோனிக்காவை முற்றுகையிட்டபோது இதனைப் பயன்படுத்தியதை அந்நகரின் பேராயரே எழுதி வைத்துள்ளார். மன்ஜனீக் என்ற பெயரும் கிரேக்கச் சொல்லொன்றிலிருந்து அரபுக்கு வந்ததே.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் (கி.பி. 630) ஹுனைன் போருக்குப் பின் தாயிஃப் நகர் முற்றுகையிடப்பட்டது. இஸ்லாமிய வரலாற்றில் முதன்முதலாக மன்ஜனீக் பயன்பட்டது அங்குதான் என இப்னு ஹிஷாம் குறிப்பிடுகிறார். அதனை அமைக்க ஆலோசனை கூறியவர் பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள் என்றும் அறிவிப்பு உண்டு. அகழ் வெட்டும் முறையை மதீனாவுக்குத் தந்தவரும் அவரே அல்லவா?

அதே முற்றுகையைப் பற்றிய மற்றொரு செய்தி நம் கவனத்தை மிகவும் ஈர்த்தது. தாயிஃபின் தலைவர்களுள் ஒருவரான உர்வா இப்னு மஸ்ஊத் முற்றுகையின்போது ஊரில் இல்லை. யமன் பகுதியிலுள்ள ஜுரஷ் என்னும் ஊருக்கு, மன்ஜனீக் முதலிய கருவிகளின் வேலையைக் கற்றுவரச் சென்றிருந்தார். ஆக, எறிந்தவர்களும் சரி, எறியப்பட்டவர்களும் சரி, இக்கலையை வேறொருவரிடம் கற்றுக்கொள்ளும் நிலையிலேயே இருந்தனர்.

முற்றுகையால் தாயிஃப் வீழவில்லை. சில வாரங்களில் நபி (ஸல்) அவர்கள் படையைத் திருப்பிக்கொண்டார்கள். ஸகீஃப் கூட்டத்தாரைச் சபிக்குமாறு தோழர்கள் வேண்டியபோது, அவர்களுக்கு நேர்வழி காட்டுமாறு பிரார்த்தித்தார்கள். பின்னர் உர்வா (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவித் தம் மக்களை அழைக்கச் சென்று, அவர்களாலேயே அம்பெய்து கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே தாயிஃப் மக்கள் தாமாகவே மதீனாவுக்குத் தூது அனுப்பினர். கல்லால் திறவாத கதவு துஆவால் திறந்தது.

மக்காவின்மீது விழுந்த கற்கள்

வரலாற்றைப் படித்துக்கொண்டே வந்த நாம், இவ்விடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

ஹிஜ்ரி 64இல் (கி.பி. 683) யஸீதின் படை மக்காவை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள். மன்ஜனீக்குகள் நிறுத்தப்பட்டன. அம்முற்றுகையின்போது கஅபா தீப்பற்றி எரிந்தது. தீ எவ்வாறு பற்றியது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. எரிந்தது என்பதில் வேறுபாடு இல்லை. யஸீத் இறந்த செய்தி வந்ததும் படை திரும்பியது. இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள் கஅபாவை மீண்டும் கட்டினார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 73இல் முடிவுற்ற முற்றுகையில் (கி.பி. 692), கலீஃபா அப்துல் மலிக்கின் தளபதி ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுஃப், அபூகுபைஸ் மலைமீது மன்ஜனீக்குகளை நிறுத்தி மீண்டும் கல்லெறிந்தார். ஹஜ் காலத்தில் தவாஃப் செய்வோர்மீதும் கற்கள் விழக்கூடும் என்பதால், அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் சொல்லியனுப்பிய பின்னரே சில நாட்கள் நிறுத்தினார். இறுதியில் இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள்.

எறிந்தவர்கள் ரோமர்களோ பாரசீகர்களோ அல்லர். கஅபாவை நோக்கித் தொழுதவர்கள்.

ஹஜ்ஜாஜின் கடிதம்

இருபது ஆண்டுகள் கழித்து அதே ஹஜ்ஜாஜ் இந்திய வரலாற்றில் இடம்பெறுகிறார். கி.பி. 711-712இல் முஹம்மது இப்னு காஸிம் சிந்துவின் துறைமுகமான தேபலை முற்றுகையிட்டார். அவரிடம் ‘அல்அரூஸ்’, அதாவது ‘மணமகள்’ என்ற பெயருடைய பெரும் மன்ஜனீக் இருந்தது. அதனை இயக்க 500 பேர் தேவைப்பட்டனர் என பலாதுரீ எழுதுகிறார். நகரின் கோயில்மேல் உயர்ந்து நின்ற கொடிமரமே இலக்கு. இராக்கில் இருந்தபடியே ஹஜ்ஜாஜ் கடிதம் எழுதினார்: மணமகளை நிறுத்துங்கள், அதன் காலைக் குறையுங்கள், கிழக்குப் பக்கமாக வையுங்கள், எறியும் வல்லுநரை அழைத்துக் கொடிமரத்தைக் குறிவைக்கச் சொல்லுங்கள் என்பது அதன் கருத்து. கொடிமரம் முறிந்தது; தேபல் வீழ்ந்தது.

‘காலைக் குறையுங்கள்’ என்ற சொல் நமக்கு முதலில் விளங்கவில்லை. ஆயிரம் கல் தொலைவில் இருப்பவர், ஒரு மரப்பொறியின் காலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இதற்கான விடை புத்தகத்தில் கிடைக்கவில்லை. பின்னர் நம் மரப்பொறியில் கிடைத்தது.

எடையால் இயங்கும் பொறி

ஐந்நூறு பேரை ஒரே நொடியில், ஒரே அளவாகக் கயிறிழுக்கச் செய்வது எளிதா? ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் கல் வேறிடத்தில் விழும். இக்குறையைத் தீர்க்க, இழுக்கும் ஆட்களுக்குப் பதிலாகக் குட்டை முனையில் பெரும் எடையைத் தொங்கவிடும் முறை 12ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியில் பரவியது. எடை ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக விழும். கல்லும் ஒரே இடத்தில் விழும்.

இம்முறையை விளக்கிப் படத்துடன் எழுதப்பட்ட பழைய நூல்களுள் முதன்மையானது, முர்ளா இப்னு அலீ அத்தர்ஸூஸீ என்பவர் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களுக்காக 1187ஆம் ஆண்டளவில் எழுதிய போர்க்கருவி நூலாகும். அதன் கையெழுத்துப் பிரதி இன்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. கயிறிழுக்கும் பொறிகளில் அரபு, துருக்கி, பிராங்கு என மூவகை உண்டு என்று கூறும் அவர், நான்காவதாகப் ‘பாரசீக மன்ஜனீக்’ ஒன்றை விவரிக்கிறார். அதில் கயிற்று வலையில் கற்களை நிரப்பி எடையாகத் தொங்கவிடுவர். அந்த எடை விழும்போதே ஒரு வில்லையும் வளைத்துத் தரும் ஏற்பாடும் அதில் உண்டு. இவற்றைத் தமக்குக் கற்றுத்தந்தவர் அலெக்சாண்டிரியாவின் ஆயுதக் கைவினைஞர் அபுல் ஹஸன் அல்அப்ரகீ என ஆசானின் பெயரைத் தவறாமல் குறிப்பிடுகிறார். சுல்தானுக்காக எழுதும் நூலில் ஒரு கைவினைஞரின் பெயரை மறவாமல் எழுதிய அந்த நேர்மை நம்மைக் கவர்ந்தது.

நாம் செய்த பொறி

எளிதில் பிரித்து, ஒரு துணிப்பைக்குள் அடக்கி, மதரஸா வரை கையில் எடுத்துச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே நம் திட்டம். அளவுகளைக் கூறுகிறோம், விருப்பமுள்ளோர் செய்து பார்க்கலாம்.

அடிச்சட்டம் 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்டது. அதன் நடுவில் இருபுறமும் 60 செ.மீ. உயரமுள்ள இரு கால்கள். அவை ஆடாதிருக்க ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சாய்ந்த முட்டுக்கட்டைகள். மூலைகளில் ஆணி அடிக்கவில்லை. கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, கையால் திருகும் நட்டு போட்டோம். கால்களின் உச்சியில் 12 மி.மீ. இரும்புக் கம்பி அச்சாக அமைந்தது. சுழலும் மரம் 100 செ.மீ. நீளம், அச்சிலிருந்து எடைப் பக்கம் 20 செ.மீ., கவண் பக்கம் 80 செ.மீ. எடைக்கு, மளிகைக் கடையொன்றில் பயனின்றிக் கிடந்த ஐந்து கிலோ இரும்பு எடைக்கற்கள் இரண்டை வாங்கிக்கொண்டோம். எறிவதற்கு மணல் நிரப்பித் தைத்த துணிப்பந்து, 100 கிராம். எடை பத்துக் கிலோ, பந்து நூறு கிராம். அதாவது நூற்றுக்கு ஒன்று.

கவண் முழுவதும் கயிறுதான். நடுவில் மட்டும் ஒரு கையளவு தோல். அதன் ஒரு முனை மரத்தில் நிலையாகக் கட்டப்படும். மறுமுனையில் ஒரு வளையம். அது மரத்தின் நுனியில் உள்ள தலையில்லாத ஆணியில் மாட்டப்பட்டிருக்கும். மரம் சுழன்று மேலே வரும்போது வளையம் தானாகவே ஆணியிலிருந்து நழுவ வேண்டும். எல்லாம் அந்த நழுவலில்தான் இருக்கிறது.

முதல் மரம் மூன்றாவது எறியிலேயே பிளந்துவிட்டது. நமக்குத் தச்சுவேலையின் அரிச்சுவடி கற்றுத்தந்த முதிய ஆசாரி ஒருவரிடம் கொண்டு சென்றோம். உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “பாய், அழகு பார்த்து அறுத்திருக்கிறீர்கள், நாரோட்டம் பார்க்கவில்லை” என்றார். அச்சுத் துளைக்கு அருகிலேயே ஒரு கணு இருந்தது. நார் அவ்விடத்தில் வளைந்து ஓடியதால், பாரம் தாங்காமல் பிளந்துவிட்டது. தம் பட்டறையில் கிடந்த, கணுவில்லாத தேக்குச் சட்டத்தை அவரே எடுத்துத் தந்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை; வேலை முடிந்ததும் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது மரம் உடையவில்லை. ஆனால் பந்து பின்பக்கமாகப் பறந்தது. ஆணி நேராக நின்றதால் வளையம் முன்னதாகவே நழுவிவிட்டது. ஆணியைச் சிறிது முன்புறம் வளைத்தோம். பந்து செங்குத்தாக மேலே சென்று நம் தலைக்கருகே விழுந்தது. இன்னும் சிறிது வளைத்தோம்; அழகாக வளைந்து சென்று தொலைவில் விழுந்தது. அதற்கும் மேல் வளைத்தபோது வளையம் தாமதமாக நழுவி, பந்து கால்மாட்டிலேயே மோதியது. கல்லின் போக்கை முடிவு செய்வது எடையன்று, விரல்கடையளவு வளைவு. செய்து பார்ப்போர் கட்டாயம் மென்மையான துணிப்பந்தையே பயன்படுத்த வேண்டும். பிள்ளைகள் பொறிக்கு முன்னும் பின்னும் நில்லாமல், பக்கவாட்டில் நன்கு விலகி நிற்க வேண்டும்.

எடை ஏறத்தாழ 35 செ.மீ. விழுகிறது. சிறிதும் வீணாகாமல் அந்த ஆற்றல் முழுவதும் பந்துக்குச் சென்றால், பந்து சுமார் 70 மீட்டர் செல்ல வேண்டும். நமக்குக் கிடைத்தது 27 மீட்டர். மீதி எங்கே போயிற்று? அச்சின் உராய்வில் சிறிது. தொங்கும் எடையின் ஊசலாட்டத்தில் சிறிது. மரத்தின் நெகிழ்விலும் அதிர்விலும் சிறிது. அச்சில் சற்று எண்ணெய் தடவியதுமே வேறுபாடு தெரிந்தது.

ஹஜ்ஜாஜின் கடிதம் விளங்கியதும் இந்த வேளையில்தான். கால்களில் பத்து செ.மீ. கீழே மற்றொரு துளையிட்டு, அச்சை அங்கே மாற்றிப் பார்த்தோம். எடை விழும் உயரம் குறைந்தது. பந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் முன்னதாகவே விழுந்தது. எடையையும் கவணையும் தொடாமல், காலின் உயரத்தை மட்டும் மாற்றி இலக்கை மாற்ற முடிகிறது. ஐந்நூறு பேர் கயிறிழுத்த பொறியும் நம் சிறு பொறியும் ஒன்றல்ல என்றாலும், அச்சின் உயரம் மாறினால் கல் விழும் இடம் மாறும் என்பது இரண்டுக்கும் பொது. நாம் புரியாமல் கடந்து சென்ற வரி, ஒரு கைவினைஞன் அறிந்து சொன்ன நுட்பமாக இருந்திருக்கிறது.

நூறு வண்டிகள்

நம் பொறி ஒரு பைக்குள் அடங்கியது. உண்மையான மன்ஜனீக்கும் பிரித்துத்தான் எடுத்துச் செல்லப்பட்டது. 1291இல் மம்லூக் சுல்தான் அல்அஷ்ரஃப் கலீல், சிலுவைப் போராளிகளின் கடைசிப் பெருங்கோட்டையான அக்காவை முற்றுகையிட்டபோது, ஹிஸ்னுல் அக்ராத் கோட்டையிலிருந்து ‘அல்மன்ஸூரி’ என்னும் பெரும் மன்ஜனீக் கொண்டு செல்லப்பட்டது. பிரித்த மரங்களுக்கு நூறு வண்டிகள் தேவைப்பட்டன. அவற்றுள் ஒரு வண்டிக்குப் பொறுப்பாளராகச் சென்றவர், பின்னாளில் ஹமா நகரின் ஆட்சியாளராகவும் புகழ்பெற்ற புவியியல், வரலாற்று ஆசிரியராகவும் விளங்கிய அபுல் ஃபிதா. அப்போது அவருக்கு வயது 18 அளவே.

தம் நூலில் அந்தப் பயணத்தை அவரே எழுதியுள்ளார். குளிர்காலத்தின் கடைசி நாட்கள், மழையும் பனியும். வண்டியிழுத்த மாடுகள் தளர்ந்தன, குளிரில் மடிந்தன. எட்டு நாட்களில் கடக்கக்கூடிய வழி ஒரு மாதம் ஆயிற்று. வெற்றியின் வரலாற்றில் சுல்தானின் பெயர் இருக்கிறது. பனியில் மடிந்த மாடுகளை நினைவுகூர்ந்தவர் வண்டியோடு நடந்தவர்தான்.

சீனத்துக்கே திரும்பிய கலை

சீனத்தில் பிறந்த பொறி, எடையைப் பெற்றுச் சீனத்துக்கே திரும்பியது. மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான், தென்சீனத்தின் சியாங்யாங், ஃபான்செங் என்னும் இரட்டைக் கோட்டைகளை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டும் வெல்ல இயலாமல், ஈரானை ஆண்ட தம் உறவினர் அபாகாவிடம் வல்லுநர்களைக் கேட்டார். இஸ்மாயீல், அலாவுத்தீன் என்னும் இரு முஸ்லிம் பொறியாளர்கள் அனுப்பப்பட்டனர். 1273இல் ஃபான்செங் வீழ்ந்தது. தொடர்ந்து சியாங்யாங் சரணடைந்தது. சீனர் அப்பொறிக்கு ‘ஹுய்ஹுய் பாவோ’ என்று பெயரிட்டனர். முஸ்லிம் கல்லெறி பொறி என்பது பொருள். இவ்விருவரின் வாழ்க்கைக் குறிப்புகளும் சீன அரசின் அதிகாரபூர்வ வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. இப்பெருமையை மார்கோ போலோவின் நூல் அவர் குடும்பத்தாருக்கு உரியதாகக் கூறுகிறது. ஆனால் அவர்கள் சீனம் சென்றடைந்தது முற்றுகை முடிந்த பின்னர், 1275 அளவில்.

இதனைப் பெருமையோடு அட்டையில் எழுதத் தொடங்கிய நாம், மற்றோர் ஆண்டையும் எழுத வேண்டியிருந்தது. 1258இல் குப்லாயின் தம்பி ஹுலாகு பக்தாதை அழித்தபோது, அந்நகரின் மதிலை உடைத்ததும் மன்ஜனீக்தான். சுற்றுப்புறத்தில் கற்கள் இல்லாததால் பேரீச்ச மரங்களை வெட்டி அவற்றையும் எறிந்தனர். ஹுலாகுவின் படையில் சீனத்துப் பொறியாளர்களும் இருந்தனர். சீனர் பக்தாதுக்கு வந்து எறிந்தனர். பதினைந்து ஆண்டுகளில் முஸ்லிம்கள் சீனத்துக்குச் சென்று எறிந்தனர். அனுப்பியவர்கள் ஒரே குடும்பத்தார். மரத்துக்கு மதம் இல்லை. பிடித்திருக்கும் கைக்குத்தான் மறுமையில் கேள்வி இருக்கிறது.

பிடித்திருந்த கைகளுள் இரக்கம் காட்டியவையும் உண்டு. 1183இல் ஸலாஹுத்தீன் (ரஹ்) அவர்கள் கரக் கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே ஒரு திருமணம் நடந்துகொண்டிருந்தது. மணமகனின் தாயார் விருந்துணவைப் பகைவரான சுல்தானுக்கு அனுப்பி வைத்தார். மணமக்கள் தங்கியிருக்கும் கோபுரம் எது எனக் கேட்டறிந்த சுல்தான், அதன்மீது மட்டும் கல் எறியக்கூடாதென்று கட்டளையிட்டார். இதனை எழுதி வைத்தவர் பிராங்கியரான எர்னூல் என்பது குறிப்பிடத்தக்கது. மதிப்பு வாய்ந்த சான்றிதழ் எதிரியின் பேனாவிலிருந்து வருவதே.

பீரங்கி பரவியபின் மன்ஜனீக் 15ஆம் நூற்றாண்டில் மறைந்தது. பல நூற்றாண்டுகள் கழித்து, ஆய்வாளர்களும் மரவேலை ஆர்வலர்களும் அதற்கு மீண்டும் உயிர் தந்தனர். டென்மார்க்கின் நைகோபிங் நகரில் 1989இல் முழு அளவிலான பொறி ஒன்று எழுப்பப்பட்டது. இங்கிலாந்தின் வார்விக் கோட்டையில் 2005இல் 18 மீட்டர் உயரமும் 22 டன் எடையும் கொண்ட மற்றொன்று நிறுத்தப்பட்டது. நம் சிறு பொறியும் அந்த வரிசையின் கடைக்குட்டி.

அட்டையில் எழுதியது

கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை, ஒத்திகைக்காகப் பொறியை மைதானத்தில் நிறுத்தினோம். பிள்ளைகள் மகிழ்ச்சியில் துள்ளினர். பந்து பறந்து சென்று விழுந்ததும், ஒரு சிறுவன் நம்மிடம் ஓடி வந்து, “சாச்சா, இதைக் கண்டுபிடித்தது நாம்தானே?” என்று கேட்டான்.

ஆம் என்று சொல்லிவிட்டால் அவன் முகம் மலரும். மேடைகளில் நாமும் பெரும்பாலும் அப்படித்தான் பேசுகிறோம். சற்றுத் தயங்கி, “இல்லை, தம்பி. சீனர்கள் தொடங்கினார்கள், பலரும் வளர்த்தார்கள், நம்மவர்கள் அதைச் சிறப்பாக்கிப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள்” என்றோம். அவன் முகம் வாடவில்லை. அடுத்த கேள்வியை உடனே கேட்டான்: “யார்மேல் எறிந்தார்கள்?”

அன்றிரவு விளக்க அட்டையைப் பார்வையிட்ட பெரியவர் ஒருவர், மக்கா முற்றுகையைப் பற்றிய இரு வரிகளைச் சுட்டிக்காட்டி, விழா நாளில் பிள்ளைகளின் கண்ணில் இது பட வேண்டுமா என்று கவலையோடு கேட்டார். அவருடைய கவலையில் தவறில்லை. கஅபாவின் மீதுள்ள அன்பினால் எழுந்த கவலை அது. நாமும் அதே அன்பினால்தான் அவ்வரிகளை எழுதியிருந்தோம். “தபரீயும் இப்னுல் அஸீரும் இதை மறைக்கவில்லையே. அவர்கள் மறைத்திருந்தால் அவர்கள் எழுதிய மற்றவற்றை நாம் எப்படி நம்புவது?” என்று பணிவோடு கேட்டோம். நெடுநேரம் யோசித்தவர், “அப்படியானால், கஅபாவைத் திரும்பக் கட்டியதையும் சேர்த்து எழுதுங்கள்” என்றார். அவ்வாறே எழுதினோம். அட்டை அதனால் மேலும் சிறந்ததாயிற்று.

விழா நாளில் தேக்குச் சட்டம் தந்த ஆசாரியும் வந்திருந்தார். பொறியைத் தடவிப் பார்த்து, பிள்ளைகளோடு நின்று மூன்று முறை எறியச் செய்து மகிழ்ந்தார். அட்டையின் கடைசி வரியில், அபுல் ஹஸன் அல்அப்ரகீயின் பெயருக்குக் கீழே அவருக்கும் நன்றி எழுதியிருந்தோம். கற்றுத்தந்தவரின் பெயரை மறைக்காதிருத்தல் தர்ஸூஸீ நமக்குக் கற்றுத்தந்த பாடம்.

ஜமாஅத்தார்களே! வரலாறு ஓர் அமானிதம். அதில் பெருமைக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், கணுவை மறைத்து அறுத்த மரத்தைப் போல அது பாரம் ஏறும் நாளில் பிளந்துவிடும். முழுமையாகச் சொல்லிக் கொடுத்தால் நம் பிள்ளைகள் தாங்குவார்கள். நாம் நினைப்பதைவிட அவர்கள் உறுதியானவர்கள். பொறி இப்போது மதரஸாவின் அலமாரியில் பிரித்து வைக்கப்பட்டுள்ளது. வேண்டுவோர் எடுத்துச் சென்று பூட்டிப் பார்க்கலாம். ஆணியை மட்டும் வளைத்துவிடாதீர்கள்.

உண்மையை அறியவும், அறிந்ததை மறைக்காமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.